பார்ப்பது ஆகும், வரைவது ஆகாதா?

 

சென்ற கோடை விடுமுறையில், திண்டிவனத்தில் உறவினர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், மஹல்லாப் பிள்ளைகள் சிலருக்குக் கேலிச்சித்திரமும் அனிமேஷனும் சொல்லிக் கொடுத்தேன். கட்டணம் எதுவும் இல்லை. ஒரு கரும்பலகை, சில பென்சில்கள், ஆளுக்கு 40 தாள் கொண்ட ஒரு நோட்டு, இவ்வளவுதான் கருவிகள். தாளின் ஓரத்தில் ஒவ்வொரு பக்கமாகச் சிறு சிறு மாற்றத்துடன் வரைந்து, கட்டை விரலால் மளமளவென்று புரட்டினால் படம் அசையும். அந்த முதல் அசைவைக் கண்டதும் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது.

அவர்களில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தன் நன்னி உளூச் செய்யும் செம்புக் கெண்டியை வரைந்தாள். பக்கம் புரளப் புரளக் கெண்டி சாய்கிறது. அதன் மூக்கிலிருந்து ஒரு துளி விழுகிறது. துளி விழுந்த இடத்தில் ஒரு செடி முளைக்கிறது. மூன்று வினாடிக் கதை. அதில் ஒரு முகமும் இல்லை. ஓர் உயிரினமும் இல்லை.

ஐந்தாம் நாள் அவள் வரவில்லை. விசாரித்தேன். அவளுடைய பெரியத்தா, "படம் வரைவது ஹராம்" என்று சொல்லி அந்த நோட்டைக் கிழித்துவிட்டாராம். பேசிப் பார்க்கலாமென்று அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். கூடத்தில் அந்தப் பெரியவரின் மூன்று வயதுப் பேரன் கைப்பேசியை மார்பில் சாய்த்துக்கொண்டு சோட்டா பீம் பார்த்துக் கொண்டிருந்தான். "இது ஓடினால்தான் ஒரு வாய் சோறு இறங்குகிறது" என்றார்கள் வீட்டார், சிரித்துக்கொண்டே.

அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஐவேளைத் தொழுகையாளி, மார்க்கப் பற்றினாலேயே அவ்வாறு செய்தார். என் வழக்கு அவரோடு அன்று; நம் எல்லோரோடும்தான். யாரோ வரைந்த படத்தை நாள்தோறும் மணிக்கணக்கில் பிள்ளைகள் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கும் நாம், அதே பிள்ளை பென்சிலைக் கையில் எடுத்ததும் மார்க்கத்தை நினைவுகூர்கிறோமே, இது என்ன நியாயம்?

மார்க்கம் சொல்வதை முழுமையாகக் கேட்போம்

நான் ஆலிம் அல்லன். தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் உலமாக்களிடம் அமர்ந்து கேட்டதை எடுத்துச் சொல்லும் கடமை உண்டு.

உருவம் வரைவோரைப் பற்றிய கடும் எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மறுமையில் அவர்கள், தாம் படைத்தவற்றுக்கு உயிர் கொடுக்குமாறு பணிக்கப்படுவார்கள் என்பது அதன் கருத்து. இதை மூடி மறைத்துவிட்டு ஓவிய வகுப்பு நடத்த எனக்கு விருப்பமில்லை. நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர், உயிருள்ளவற்றின் முழு உருவத்தை வரைவதைத் தடுத்தே இருக்கிறார்கள். மாலிக்கி அறிஞர்கள் பலர், நிழல் விழாத தட்டையான படத்தை வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்துகிறார்கள். இக்காலத்தவரான யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர் நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறார்கள். கருத்து வேறுபாடு இருக்கிறது. அதில் பேணுதலான பக்கத்தைத் தேர்ந்துகொள்பவரை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே நபிமொழித் தொகுப்பில் வேறு செய்திகளும் உள்ளன. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, உருவம் வரைவதே தம் பிழைப்பு என்று முறையிடுகிறார். எச்சரிக்கையைக் கேட்டு அவருடைய முகம் வெளிறிப் போகிறது. அப்போது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. மரத்தையும் உயிரற்ற பிற பொருட்களையும் வரைந்துகொள் என்று வழி காட்டினார்கள். ஒரு கதவை மூடும்போது இன்னொரு கதவைத் திறந்து வைப்பதே அந்தத் தலைமுறையின் மார்க்க அறிவு. நோட்டைக் கிழிப்பது நம் தலைமுறையின் அவசரம்.

ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றிடையே துணி இறக்கை கட்டிய ஒரு குதிரை இருந்ததும், அதைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று அவர்கள் மறுமொழி சொன்னதும், அது கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் உள்ளன. ஒரு சிறுமியின் கற்பனையை நபியவர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? இமாம் நவவி அவர்கள் காழி இயாழ் அவர்களை எடுத்துக்காட்டி, பெண் குழந்தைகளின் பயிற்சிக்காகப் பொம்மைகளுக்குப் பெரும்பாலான அறிஞர்கள் விலக்கு அளித்திருப்பதைக் குறிப்பிடுகிறார்கள். பயிற்சி என்ற அந்தக் காரணத்தைக் கவனியுங்கள்.

ஆஷூரா நோன்பன்று பிள்ளைகள் பசியால் அழுதால், கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை அவர்களைத் தேற்றியதாக ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். செய்தவர்கள் பெற்றோர், தம் கைகளாலேயே செய்தார்கள். இன்று அழும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது என்ன? ஒளிரும் திரை. பெற்றோரின் கை அதில் எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்கிறேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு சதுரத்தை வரைந்து, அதன் நடுவே ஒரு கோட்டை இழுத்து, அது சதுரத்தைத் தாண்டி வெளியே நீளுமாறு காட்டி, பக்கங்களில் சிறு கோடுகளையும் போட்டு, இவன் மனிதன், இது அவனைச் சூழ்ந்த தவணை, வெளியே நீள்வது அவன் ஆசை, சிறு கோடுகள் அவனுக்கு நேரும் சோதனைகள் என்று விளக்கிய செய்தி புகாரியில் இருக்கிறது. நான்கைந்து கோடுகளில் மனித வாழ்வு முழுவதும் அடங்கிவிட்டது. கோடு போட்டுக் கற்பிப்பது நமக்கு அந்நியமான முறை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

முகமில்லாத சிறுவன்

"முகம் வரையாமல் என்ன கதை சொல்ல முடியும்?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். அவருக்கு ஹன்ழலாவைப் பற்றிச் சொன்னேன்.

நாஜி அல்அலி பாலஸ்தீனத்தில் கலிலேயப் பகுதியிலுள்ள அஷ்ஷஜரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1948-இல் பத்து வயதளவில் ஊரை இழந்து, லெபனானில் ஐனுல் ஹில்வா அகதி முகாமில் வளர்ந்தார். 1969-இல் குவைத் நாளிதழ் ஒன்றில் ஹன்ழலா என்ற சிறுவனை வரைந்தார். வயது பத்து. காலில் செருப்பில்லை; சட்டையில் ஒட்டுகள். 1973 முதல் அச்சிறுவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டியே நிற்கலானான். ஊர் திரும்பும்வரை அவன் வளரமாட்டான் என்றார் நாஜி. 1987 ஜூலையில் லண்டன் தெருவில் அவர் சுடப்பட்டார், ஆகஸ்டில் இறந்தார். அந்த முதுகு இன்றும் சுவர்களில் நிற்கிறது. முகத்தைக் காட்டாமலே உலகின் மனசாட்சியைத் தட்டிய கோடுகள் அவை. அந்தச் சிறுவனுக்கு அஞ்சித் துப்பாக்கி எடுத்தவர்கள் இருந்தார்கள் என்றால், கோட்டின் வலிமைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

நம் பக்கத்திலேயும் இது புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே, பாரதியாரின் 'இந்தியா' இதழ் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு ஆங்கில ஆட்சியைச் சாடியது. அடக்குமுறையால் 1908-இல் அது நமக்கு அடுத்திருக்கும் புதுச்சேரிக்கு இடம் மாறியது. 2025 பிப்ரவரியில் ஒரே ஒரு கேலிச்சித்திரத்தின் பொருட்டு விகடன் இணையதளம் முடக்கப்பட்டதும், அவர்கள் உயர் நீதிமன்றத்தை நாட நேர்ந்ததும் நம் கண்முன் நடந்தவை.

நாமோ 2012 செப்டம்பரில், நபியவர்களை இழிவுபடுத்திய படத்தை எதிர்த்துச் சென்னை அண்ணா சாலையில் திரண்டோம். திரண்டது நம் உரிமை. நம் வேதனை உண்மையானது. ஆனால் திரும்பி வந்த பிறகு என்ன செய்தோம்? நம்மைப் பற்றிய சித்திரத்தை நாமே வரையும் ஒரு தலைமுறையை உருவாக்கினோமா? பிறர் வரைந்தால் வீதிக்கு வருவோம்; நம் பிள்ளை வரைந்தால் நோட்டைக் கிழிப்போம். இவ்விரண்டுக்கும் நடுவே நமக்கென்று ஒரு குரல் எப்படி முளைக்கும்?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

மலேசியாவில் 2007 ரமழானில், பிள்ளைகளுக்கு நோன்பின் அருமையை எடுத்துச் சொல்ல ஒரு சிறு தொடர் ஒளிபரப்பானது. பெற்றோரை இழந்து, பாட்டியிடமும் அக்காவிடமும் வளரும் இரட்டையர் இருவர், உபின், இபின். கிராமத்து வீடு, நோன்பு திறக்கும் நேரம், பெருநாள் ஆயத்தம். அவர்களுடைய தோழர்களில் சீனச் சிறுமி இருக்கிறாள். சீக்கியச் சிறுவன் இருக்கிறான். ராஜூ என்னும் இந்தியச் சிறுவனும் இருக்கிறான். அந்தத் தொடர் நாடு கடந்து புகழ்பெற்றது. அண்டை வீட்டாரோடு எவ்வாறு வாழ்வது என்பதை ஆயிரம் மேடைப் பேச்சுகளைவிட அழகாக அது பிள்ளைகளுக்குக் கற்பித்தது.

நம் முன்னோர் படத்துக்கு அஞ்சி ஒளிந்தவர்களும் அல்லர். அல்ஜஸரி 1206-இல் முடித்த இயந்திர நூலில், யானைக் கடிகாரம் உள்ளிட்ட கருவிகள் ஒவ்வொன்றையும் வரைந்தே விளக்கினார். நம் நாடுகளின் 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளிலிருந்து இளவரசர் அஹ்மதின் கதையை எடுத்து 1926-இல் ஒரு முழுநீள அனிமேஷன் படமாக்கியவர் லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்மணி. கருப்பு அட்டை, கத்தரிக்கோல், பின்னாலிருந்து ஒளி. வெறும் நிழலுருவங்கள். இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுவே. கதை நம்முடையது, கத்தரிக்கோலை எடுத்தவர் வேறொருவர். இந்த வரலாறு இன்னும் எத்தனை காலம் தொடர வேண்டும்?

"இதனால் என்ன வருமானம்?"

மார்க்கத்தைக் காட்டித் தடுப்பவர் ஒருவகை. வருமானத்தைக் காட்டித் தடுப்பவர் இன்னொருவகை. "வரைந்து என்ன சம்பாதிக்கப் போகிறான்? கணக்கைப் போடச் சொல்லுங்கள்" என்கிறார்கள்.

சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனும் காட்சி விளைவுகளும் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. பிளெண்டர் என்னும் மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். அதைக் கொண்டே லாட்வியா என்ற சிறிய நாட்டில் எடுக்கப்பட்ட 'ஃப்ளோ' என்னும் படம் 2025-இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதில் ஒரு மனிதனும் இல்லை. ஒரு சொல் வசனமும் இல்லை. வழி இருக்கிறது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

ஆனால், "பத்து வகுப்பு வாருங்கள், உங்கள் பிள்ளைக்குப் பெரிய நிறுவனத்தில் வேலை" என்று துண்டறிக்கை விநியோகித்து ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் கடைகளையும் நான் எதிர்க்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு வேலைவாய்ப்பு ஆசை காட்டுவது ஏமாற்று வேலை. குர்ஆன் ஓதக் கற்பிக்கும்போது, இதனால் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறோமா? பார்க்கும் கண், பொறுமை, தவறைத் திருத்தும் பழக்கம் ஆகியவையே பிள்ளைக்கு இதில் கிடைக்கும் முதல் கூலி. அசையும் படத்துக்கு வினாடிக்குப் பன்னிரண்டு சித்திரமாவது வேண்டும். பத்து வினாடிக்கு 120. ஒரு நிமிடத்துக்கு 720. இந்தக் கணக்கைத் தன் விரல் வலியால் அறிந்த பிள்ளை, கைப்பேசியில் ஓடும் படத்தை அதன் பிறகு வாய் பிளந்து பார்க்காது. இதை ஏன் இவ்வளவு வேகமாக வெட்டி ஒட்டினார்கள், என்னை எழவிடாமல் உட்கார வைக்கத்தானோ என்று கேட்கும். திரைக்கு அடிமையாகாமல் பிள்ளையைக் காக்க இதைவிட மலிவான மருந்தை நான் அறியேன்.

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 2012-இல் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாட்களே அவர்களுக்குப் பணி. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருவதை நாளிதழ்களில் படிக்கிறோம். ஓவியத்துக்கு நம் சமூகம் கொடுத்திருக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. எனவே, விழுப்புரம், திண்டிவனம் ஜமாஅத்தார் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஓர் ஊரில் சனிக்கிழமை, மற்றோர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரே ஆசிரியரே நடத்திவிடலாம்.

முதலாவது, எல்லையை உலமாக்களே வகுத்துத் தரட்டும். நபிமார்களையும் ஸஹாபாக்களையும் எவ்வகையிலும் வரைதல் கூடாது. மரம், மலை, படகு, வீடு, பாத்திரம், எழுத்தணி, இயந்திரம், நிழல், அசையும் கோடு, இவற்றிலிருந்து தொடங்கலாம். மரக்காணத்து உப்பளமும், செஞ்சி மலைக்கோட்டையும், விழுப்புரம் சந்திப்பில் வந்து நிற்கும் இரயிலும் போதாதா ஓர் ஆண்டுக்கு? அதற்கு மேல் போவதா, எதுவரை போவது என்பதைப் பெற்றோர் தத்தம் ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்யட்டும். எல்லை தெளிவாக இருந்தால் நோட்டைக் கிழிக்கும் தேவை எழாது.

இரண்டாவது, கேலிக்கும் ஒழுக்கம் உண்டு. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. எனவே உடலை, நிறத்தை, சாதியை, பிறர் வணங்குபவற்றைக் கேலி செய்யும் ஒரு கோடும் வகுப்பில் விழக் கூடாது. லஞ்சம், வரதட்சணை, வீண் ஆடம்பரம், வீதியில் கொட்டும் குப்பை, இவற்றைச் சாடட்டும். நம் நிக்காஹ் விருந்துகளில் வீணாகும் பிரியாணியை ஒரு பிள்ளை வரைந்தால், முதலில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்தான். வெட்கப்படுவோம், அதுவும் தர்பிய்யத்தான்.

மூன்றாவது, குடும்பமாக வாருங்கள். பிள்ளையை விட்டுவிட்டு வாசலில் நின்று கைப்பேசி பார்க்கும் வகுப்பாக இது இருக்கக் கூடாது. அத்தா ஒரு பக்கம் வரையட்டும். அம்மா அடுத்த பக்கம். நன்னி கதை சொல்லட்டும். நன்னி இளவயதில் பார்த்த வெள்ளமும், அத்தா வளைகுடாவில் கழித்த ஆண்டுகளும் எந்தத் தொலைக்காட்சியிலும் வராத கதைகள். அவற்றை யார் வரைவது?

நான்காவது, பெண் பிள்ளைகளுக்கு இடம். அவர்களுக்கென்று தனி நேரமும் பெண் ஆசிரியையும் வேண்டுமென்றால் ஏற்பாடு செய்வோம். ஏற்பாட்டைச் சாக்காக்கி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. வீட்டிலிருந்தபடியே, பர்தாவுக்கு இடையூறின்றி, செய்யக்கூடிய தொழில்களில் இதுவும் ஒன்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது, செலவு. 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். தன்னார்வலர்கள் மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்தார்கள். வீட்டுத் திண்ணையும் வகுப்பறையானது. நம் மஹல்லாவில் அத்தகைய பத்து இளைஞர்கள் இல்லையா? மக்தப் முடிந்த பிறகு வெறுமனே பூட்டிக் கிடக்கும் கூடம் இல்லையா? ஒரு கல்யாண மண்டபத்தின் ஓர் இரவு அலங்காரச் செலவில், ஓராண்டுக்கான நோட்டும் பென்சிலும் வாங்கிவிடலாமே!

அன்பர்களே! விடுமுறை முடிந்து நான் புறப்படும் நாளில், அந்தச் சிறுமியின் நன்னி திண்ணைக்கு வந்தார். முந்தானைக்குள்ளிருந்து, பசை தடவி ஒட்டிய சில தாள்களை எடுத்து நீட்டினார். கிழிந்தவற்றைப் பொறுக்கி அவரே ஒட்டியிருந்தார். பல பக்கங்கள் காணவில்லை. புரட்டிப் பார்த்தேன். கெண்டி சாய்ந்தது; துளி விழுந்தது. செடி முளைக்கும் பக்கங்கள் மட்டும் இல்லை.

"மிச்சத்தை வரையச் சொல்லி ஒரு நோட்டுக் கொடு, தம்பி. அவள் பெரியத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார்.

கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெரியவரிடம் பேச ஒரு நன்னி முன்வந்தார். மற்ற வீடுகளில் பேசப் போவது யார்? முத்தவல்லிகளே, ஹஜ்ரத்மார்களே, பெற்றோர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

நம் பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் நன்மையின் பாதையில் செலுத்த வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.